ஊரூர்ப் பள்ளியின் கடைசி வகுப்பு: கர்னல் ஆல்காட்டும் பறையர் குழந்தைகளின் ஆங்கிலமும்

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற குடியிருப்பு இருக்கிறது. அப்பெயரில் உள்ள ஆல்காட், அமெரிக்காவில் பிறந்து அடையாற்றில் மறைந்த கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட். அவர் 1894இல் ஊரூரில் பறையர் குழந்தைகளுக்காக ஓர் இலவசத் தொடக்கப் பள்ளியைத் திறந்தார். கொழும்பில் கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்பாக அவருக்குச் சிலை உண்டு. பௌத்தக் கல்வியை மீட்டெடுத்தவர் என்று இலங்கை அவரை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது.

இரண்டு ஊர்களிலும் அவர் செய்தது ஒரே வேலைதான். பள்ளிகளைத் தொடங்கினார், பணம் திரட்டினார், ஆசிரியர்களை அமர்த்தினார், அரசின் உதவித்தொகையைப் பெற்றார், ஆங்கிலம் கற்பித்தார். எனினும் கொழும்பில் அவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. சென்னையில் அவர் நடத்திய பறையர் பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு நின்றன. கொழும்பில் ஆங்கிலம் அரசுப் பதவிக்கான வழியாகவும், சென்னையில் வெள்ளையர் வீட்டு வேலைக்கான பயிற்சியாகவும் அமைந்தது. ஒரே தாளாளரின் கையில் ஒரே மொழி இரண்டு அளவுகளில் வெட்டப்பட்டது ஏன் என்ற கேள்வியோடு அவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டியிருக்கிறது. தலித் குழந்தைகளின் ஆங்கிலப் பேச்சுத் திறன் பற்றி இன்று நடக்கும் உரையாடலுக்கும் அக்கேள்வி பொருந்தும்.

பண்ணைப் பள்ளியிலிருந்து அடையாறு வரை

ஆல்காட் 1832 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்ற ஊரில் பிறந்தார். கட்டுப்பாடு மிக்க பிரெஸ்பிட்டீரியன் கிறித்துவக் குடும்பம். நியூயார்க்கில் கல்லூரிப் படிப்பைத் தொடங்கியவர், 1851இல் தந்தையின் வணிகம் நொடித்ததால் படிப்பை விட்டு வேளாண்மைக்குச் சென்றார். கல்லூரியை முடிக்க முடியாமல் போன அந்த இளைஞர் சில ஆண்டுகளிலேயே வேளாண் அறிவியலில் பெயர் பெற்றார். சர்க்கரை தரும் சோளப் பயிர் குறித்து அவர் எழுதிய நூல் 1857இல் வெளிவந்தது. நியூயார்க் அருகே வெஸ்ட்செஸ்டரில் ஒரு பண்ணைப் பள்ளியையும் நண்பர் ஒருவருடன் சேர்ந்து நடத்தினார். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலையும் வேளாண்மையையும் இணைப்பது அப்பள்ளியின் கொள்கை. கல்வி உடனே கைகொடுக்க வேண்டும் என்ற அந்த எண்ணம், பல பத்தாண்டுகள் கழித்துச் சென்னையில் மீண்டும் வெளிப்பட்டது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அடிமை முறைக்கு எதிரான வடக்கு மாநிலங்களின் படையில் அவர் சேர்ந்தார். போர்த் தளவாடக் கொள்முதலில் நடந்த ஊழல்களை விசாரிக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. கர்னல் என்ற பட்டம் அக்காலத்தில் வந்தது. 1865இல் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டபோது நடந்த விசாரணையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. போருக்குப் பின் நியூயார்க்கில் வழக்கறிஞரானார். கணக்கைத் துருவிப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது, அலுவலகத்தை ஒழுங்குபடுத்துவது ஆகியவை இந்த ஆண்டுகளில் அவருக்குக் கைவந்த திறன்கள்.

1874இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லப்பட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதச் சென்ற இடத்தில் ரஷ்யப் பெண்மணி ஹெலனா பிளவாட்ஸ்கியைச் சந்தித்தார். 1875 நவம்பரில் இருவரும் வேறு சிலரோடு சேர்ந்து பிரம்மஞான சபையை நியூயார்க்கில் நிறுவினர். ஆல்காட் அதன் முதல் தலைவரானார். 1879 பிப்ரவரியில் இருவரும் பம்பாயில் வந்திறங்கினர். 1882 இறுதியில் சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றுக்கு மாறியது.

கொழும்பில் எழுந்த ஏணி

இதற்கு இடையில், 1880 மே மாதம் ஆல்காட் இலங்கைக்குச் சென்றார். காலி நகரில் பிளவாட்ஸ்கியும் அவரும் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார்கள். அரசு உதவி பெற்ற பள்ளிகளில் பெரும்பாலானவை அப்போது கிறித்துவ மிஷன்களின் வசம் இருந்தன. பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டுமானால் மிஷன் பள்ளிக்கே போக வேண்டும். ஆங்கிலம் இல்லாமல் அரசு அலுவலகத்துக்குள்ளோ நீதிமன்றத்துக்குள்ளோ நுழைய முடியாது. ஆல்காட் இதைப் பிரசங்கத்தால் தீர்க்க முயலவில்லை. பள்ளிகளுக்கான நிதியைத் திரட்ட ஊர் ஊராக மாட்டு வண்டியில் பயணம் செய்தார். பௌத்தக் கோட்பாடுகளைக் கேள்வி பதிலாகத் தொகுத்து 1881இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது பௌத்தப் பள்ளிகளின் பாடநூலாயிற்று.

1886இல் கொழும்பு பேட்டையில் பௌத்தர்களுக்கான ஆங்கிலப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதுவே பின்னர் ஆனந்தா கல்லூரி ஆனது. கண்டியில் தர்மராஜா, காலியில் மகிந்தா ஆகிய கல்லூரிகளும் இதே இயக்கத்தில் பிறந்தன. ஆல்காட் மறையும்போது இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள் இருந்தன. ஆனந்தா போன்ற பள்ளிகளுக்கு வந்த மாணவர்களில் பலர் வணிகர், நிலவுடைமையாளர், அரசு ஊழியர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தரப்பட்ட ஆங்கிலத்தில் இலக்கணமும் கட்டுரையும் இலக்கியமும் தேர்வும் இருந்தன. பின்னாளில் அந்நாட்டின் அரசியலையும் நிர்வாகத்தையும் நடத்தியவர்கள் பலர் அவ்வகுப்பறைகளிலிருந்து வந்தார்கள்.

அப்பள்ளிகளை நடத்திய ஆல்காட், அம்மாணவர்கள் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டால் போதும் என்று கேட்கவில்லை. மிஷன் பள்ளியின் மாணவன் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் பௌத்த மாணவனும் போக வேண்டும் என்பதே அங்கு அளவுகோலாக இருந்தது.

ஊரூருக்கு முன்பே எழுந்த கோரிக்கைகள்

ஆல்காட் ஊரூரில் பள்ளி திறந்த காலத்தில் பறையர் மக்கள் யாராவது வந்து தூக்கிவிடட்டும் என்று காத்திருக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஆல்காட்டின் வரலாறு பல இடங்களில் அப்படித்தான் எழுதப்படுகிறது.

1885இல் அயோத்திதாசரும் ஜான் ரத்தினமும் திராவிட பாண்டியன் என்ற இதழை நடத்தினர். 1891 டிசம்பர் 1 அன்று அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை உதகமண்டலத்தில் கூட்டினார். அதன் தீர்மானங்கள் தம் மக்களுக்குப் பள்ளிகளையும் கட்டணச் சலுகையையும் கேட்டதோடு, படித்துத் தேறியவர்களுக்கு அரசு வேலையையும் கேட்டன. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பறையன் என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில் சென்னையில் கூடிய கூட்டம், இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்தும் காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்தது. இந்தியாவில் தேர்வு நடந்தால் பதவிகள் முழுவதும் உயர்சாதியினர் கைக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் வாதம். அந்த எதிர்ப்பு மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது.

அரசும் அசைந்திருந்தது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் பறையர் நிலைமை குறித்து 1891இல் எழுதிய அறிக்கையும், ஆதம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளின் தொடர் முயற்சியும் அதற்குக் காரணம். 1893இல் பஞ்சமர் கல்விக்கென வெளியான அரசாணை, அவர்களுக்கான பள்ளிகளுக்குக் கூடுதல் உதவித்தொகை தர வழி செய்தது. ஆனால் உயர்சாதித் தெருக்களில் இருந்த அரசுப் பள்ளிகளுக்குள் பறையர் குழந்தைகள் நுழைய முடியவில்லை. மிஷன் பள்ளிகளே பெரும்பாலும் புகலிடமாக இருந்தன.

இந்தச் சூழலில்தான் ஆல்காட் அடையாற்றுச் சபைத் தோட்டத்துக்கு அருகே இருந்த சேரிக் குழந்தைகளைப் பார்த்தார். பதினொரு ஆண்டுகளுக்கு மேல் அவர் அங்கு வாழ்ந்திருந்தார். அந்த ஆண்டுகளில் சபையின் மாநாடுகளில் வேதாந்தம் விரிவாகப் பேசப்பட்டது. அங்கே வந்து கூடியவர்களில் பெரும்பாலோர் பிராமணரும் பிற உயர்சாதியினரும். வேலியை ஒட்டியிருந்த குழந்தைகளுக்கு ஒரு பள்ளி திறக்க 1894 வரை ஆயிற்று. பள்ளி வந்தபின் சபையின் உயர்சாதி உறுப்பினர்களிடம் பெரிய ஆர்வம் எழவில்லை. ஆல்காட் தம் சொந்தப் பணத்தையும் வெளிநாட்டு நண்பர்களின் நன்கொடையையும் கொண்டே அதை நடத்தினார்.

பேச்சு ஆங்கிலம்: முறையும் வரம்பும்

பள்ளி வளர்ந்தது. 1898இல் கோடம்பாக்கத்தில் பிளவாட்ஸ்கி நினைவாக ஒன்று, 1899இல் தேனாம்பேட்டையில் தாமோதர் பெயரில் ஒன்று, 1901இல் மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரில் ஒன்று என இலவசப் பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்கு வள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது தற்செயலானதன்று. அவரைத் தம் முன்னோராகக் கருதும் மரபு அம்மக்களிடம் வலுவாக இருந்தது.

இப்பள்ளிகளின் நிர்வாகத்தில் ஆல்காட் காட்டிய அக்கறை உண்மையானது. அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பாமர் பள்ளிகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். குழந்தைக் கல்வியில் தேர்ந்த கோர்ட்ரைட் அம்மையார் அவருக்குத் துணையானார். இருவரும் மனப்பாட முறையை மாற்ற முயன்றனர். திண்ணைப் பள்ளியின் ஓயாத ஒப்பிப்புக்குப் பதிலாகப் பாட்டு, விளையாட்டு, கைவேலை, பொருளைக் கையில் எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லுதல் ஆகிய கிண்டர்கார்டன் வழிகள் வந்தன. மொழிப் பாடத்துக்கு இந்த முறை பெரிதும் பொருந்தியது. எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே காதால் கேட்டு வாயால் சொல்லும் வாய்ப்பு குழந்தைக்குக் கிடைத்தது. வீட்டில் புத்தகமே பார்த்திராத குழந்தைக்கு இது பெரிய கதவு. அரசு ஆய்வாளர்கள் நடத்திய தேர்வுகளில் தம் பள்ளிகளின் தேர்ச்சி மாகாணச் சராசரியை விஞ்சியது என்பதில் ஆல்காட்டுக்குப் பெருமிதம். பறையர் குழந்தைக்கு அறிவு குறைவு என்ற சாதியின் பொய்யைத் தேர்வுப் பட்டியலே முறித்தது என்பதை நாமும் பெருமிதத்தோடு குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது அதன் எல்லை தெரிகிறது. தமிழில் எழுதப் படிக்க வேண்டும். கடைக்காரரிடமும் கூலி கொடுப்பவரிடமும் ஏமாறாத அளவுக்குக் கணக்கு வேண்டும். சுகாதாரம், தையல், சமையல் தெரிய வேண்டும். இவற்றோடு பேச்சு ஆங்கிலம் கொஞ்சம் வேண்டும். இந்த ஆங்கிலம் எதற்கு என்பதில் ஒளிவுமறைவு இல்லை. சென்னையில் வெள்ளையர் வீடுகளின் சமையல்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர் பலரும் பறையர். எசமானின் ஏவலைப் புரிந்துகொண்டு பதில் சொல்லத் தெரிந்த பணியாளருக்குச் சம்பளம் சற்று அதிகம். அந்த வேலைகளுக்குத் தகுதியாக்குவது பள்ளியின் நோக்கங்களில் ஒன்று. உயர்நிலைப் பள்ளியை நோக்கிக் குழந்தைகளைச் செலுத்துவது திட்டத்தில் இருக்கவில்லை. 1902இல் ஏழைப் பறையர் என்ற பொருள்படும் தலைப்பில் அவர் வெளியிட்ட சிறுநூல், உலகெங்கும் உள்ள நன்கொடையாளர்களிடம் இந்த எளிய கல்விக்கே ஆதரவு கேட்டது.

ஆல்காட்டின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் குறைவு. பத்து வயதுக்கு முன்பே குழந்தைகளைக் கூலி வேலை இழுத்துக்கொண்டது. பட்டினியில் கிடந்த குடும்பத்துக்குச் சில ரூபாய் கூடுதல் சம்பளம் என்பது அற்பச் செய்தியன்று. பட்லர் வேலையை இழிவென்று சொல்வதும் தவறு. அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் ஒரு வெள்ளை அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். அவர் குடும்பம் காத்துவந்த திருக்குறள் ஓலைச்சுவடி அந்த அதிகாரி வழியாக எல்லிஸ் கைக்குச் சென்று, அச்சுக்கு உதவியது என்பது அயோத்திதாசர் பதிவு செய்துள்ள வரலாறு. பட்லர் வீட்டில் குறளும் சித்த மருத்துவமும் இருந்தன. எசமான் வீட்டில் அவர் பேசிய ஆங்கிலத்தை வைத்து அவர் அறிவை அளந்திருந்தால் அளந்தவரே ஏமாந்திருப்பார்.

ஆல்காட்டின் திட்டத்தில் குறை இதுதான். ஏவலைக் கேட்கவும் ஆமாம் என்று சொல்லவும் தேவையான ஆங்கிலத்தை அவர் பள்ளிகள் தந்தன. மனு எழுதவும், சட்டத்தைப் படிக்கவும், அலுவலகத்தில் எதிர்க்கேள்வி கேட்கவும் தேவையான ஆங்கிலம் அடுத்த வகுப்புகளில் இருந்தது. அந்த வகுப்புகள் அவர் பள்ளிகளில் இல்லை. பேச்சைக் கற்பித்த முறை சிறந்தது; பேச்சு எங்கே போய்ச் சேரலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்த நிர்வாகம் குறுகியது.

அதே ஆண்டுகளில் ஆல்காட்டின் தாய்நாட்டிலும் இதே வழக்கு நடந்துகொண்டிருந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குத் தொழிற்கல்வி போதும் என்று புக்கர் டி. வாஷிங்டனின் டஸ்கீகி பள்ளி வழிகாட்டியது. உயர்கல்வியும் வாக்குரிமையும் இல்லாத தொழிற்கல்வி அடிமைத்தனத்தின் நீட்சியாகவே முடியும் என்று 1903இல் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் தம் நூலில் எதிர்த்து எழுதினார். ஒடுக்கப்பட்டவருக்கு எவ்வளவு கல்வி போதும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யும் வழக்கம் ஊரூருக்கும் டஸ்கீகிக்கும் பொது.

1898: அயோத்திதாசரின் கணக்கு

ஆல்காட்டோடு அயோத்திதாசர் கொண்ட உறவு நன்றிக்கடனில் கட்டுண்டதன்று. அது அரசியல் தெளிவோடு அமைந்தது. பறையர் என்று இழித்துரைக்கப்படும் மக்கள் பூர்வத்தில் பௌத்தர்கள், சாதியை ஏற்காததால் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அவர் கருத்து. 1898இல் அவர் தம் தோழர்களோடு ஆல்காட்டைச் சந்தித்து, இழந்த சமயத்துக்குத் திரும்ப உதவி கேட்டார். அவ்வாண்டு ஜூலையில் ஆல்காட் அயோத்திதாசரையும் பஞ்சமர் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே வித்யோதயப் பிரிவேனாவில் சுமங்கல மகாநாயகத் தேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் ஏற்றனர். திரும்பி வந்து அயோத்திதாசர் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

அதே கொழும்பில் ஆனந்தா இயங்கிவந்தது. மதத்தைப் பள்ளியோடும் பள்ளியை அரசியலோடும் இணைத்தால் என்ன நிகழும் என்பதற்கு அந்நகரம் ஒரு சான்றாக இருந்தது. சென்னையில் அத்தகைய கல்லூரி ஒன்றைப் பறையர் பௌத்தருக்கு ஆல்காட் கட்டவில்லை. அதே 1898இல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். இந்து மேல்தட்டுக்குக் கல்லூரி, சிங்கள பௌத்தருக்குக் கல்லூரி, பறையருக்குத் தொடக்கப் பள்ளி. ஒரே சபையின் நிழலில் இருந்த இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளக்கம் தேவைப்படாது.

மறைவும் அதன் பின்பும்

1906 இலையுதிர் காலத்தில் கப்பல் பயணத்தின்போது ஆல்காட் தவறி விழுந்து காயமுற்றார். அதிலிருந்து முழுமையாக மீளவில்லை. 1907 பிப்ரவரி 17 அன்று அடையாற்றில் காலமானார். அவர் உடல் அங்கேயே எரியூட்டப்பட்டது. பள்ளிகளைக் கடைசிவரை அவர் கைவிடவில்லை.

நான்கு மாதங்கள் கழித்து, 1907 ஜூன் 19 அன்று, அயோத்திதாசர் ஒரு பைசாத் தமிழனைத் தொடங்கினார். ஆல்காட்டின் மறைவுக்குப் பின் சபையின் தலைமைக்கு வந்த அன்னி பெசன்ட், 1909இல் எழுதிய கட்டுரையில் தாழ்த்தப்பட்டோர் குழந்தைகளைப் பிற குழந்தைகளோடு ஒரே பள்ளியில் சேர்ப்பதை எதிர்த்தார். அவர்களின் உணவையும் உடல் தூய்மையையும் காரணமாகக் காட்டினார். அக்கட்டுரையை அம்பேத்கர் பல்லாண்டுகள் கழித்துக் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்ததென்ன என்ற நூலில் எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். ஆல்காட்டிடம் வரம்பு கொண்ட பரிவாக இருந்தது, அவருக்குப் பின் வந்தவரிடம் வெளிப்படையான பிரிவினையாக வெளிவந்தது. நல்லெண்ணம் உரிமையாக எழுதப்படாதபோது, நல்லவர் போனதும் அது என்னவாகும் என்பதற்கு இது பாடம்.

அந்த வரம்பை உடைத்தவர்கள் வேறு ஏணிகளில் ஏறினார்கள். சீனிவாசன் கோயம்புத்தூரில் கல்லூரி வரை படித்தவர். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். பிறருடைய வழக்கை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு நாவால் மாற்றிய அவர், 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து தம் மக்களின் வழக்கைத் தாமே பேசினார். எம்.சி. ராஜா ஆசிரியராகப் பணியாற்றியவர். சென்னைச் சட்டமன்றத்தில் நுழைந்து, ஒடுக்கப்பட்ட இந்துக்கள் என்ற பொருளில் ஆங்கில நூலை 1925இல் வெளியிட்டார். அம்பேத்கரின் தந்தை இராம்ஜி ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ராணுவம் தந்த படிப்பு அக்குடும்பத்தில் நிலைத்து, மகனைக் கொலம்பியா வரை கொண்டுசென்றது. மூவருக்கும் ஆங்கிலம் ஏவலைக் கேட்கும் மொழியாக நின்றுவிடவில்லை. அரசோடு வாதிடும் மொழியாக அதை அவர்கள் ஆக்கிக்கொண்டார்கள்.

இன்றைய தாளாளர்களிடம் கேட்க வேண்டியவை

ஆல்காட் தொடங்கிய பள்ளி பெசன்ட் நகரில் அவர் நினைவைத் தாங்கி இன்றும் இயங்குகிறது. இப்போது அங்கே மேல்வகுப்புகளும் உண்டு. ஆனால் 1894இல் ஊரூரில் எழுந்த கேள்வி தீர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012–13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தமிழோடும் கணக்கோடும் ஆங்கிலத்தையும் தொடக்க வகுப்புகளின் அடிப்படைத் திறனாக வைத்திருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை தனியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்ற சொல் அரசு அறிவிப்புகளிலும் தொண்டு நிறுவனங்களின் திட்டங்களிலும் அடிக்கடி வருகிறது. இவை வேண்டாதவை என்று யாரும் சொல்ல முடியாது. நகரத்துத் தனியார் பள்ளிக் குழந்தைக்கு வீட்டிலும் தொலைக்காட்சியிலும் உறவினர் வாயிலும் ஆங்கிலம் கேட்கக் கிடைக்கிறது. சேரிக் குழந்தைக்குப் பள்ளி ஒன்றே அதற்கு இடம். அங்கும் பேசக் கிடைக்காவிட்டால் வேறெங்கும் கிடைக்காது.

ஆகவே பேச்சு ஆங்கிலத்தை ஒரு பள்ளி எப்படி நிர்வகிக்கிறது என்பதைத் துல்லியமாகக் கேட்டாக வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில் ஒவ்வொரு குழந்தையும் வாய் திறந்து பேச ஒரு நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது? ஆசிரியருக்கே ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால், அவருக்குப் பயிற்சியும் சக ஆசிரியரின் துணையும் தர யார் பொறுப்பு? தாய்மொழியில் தெளிவாகச் சிந்திக்கும் குழந்தையை ஆங்கிலத்தில் தடுமாறும்போது ஆசிரியர் நகைத்தால், அக்குழந்தை அதன்பின் எந்த மொழியில் பேசும்? வணக்கம் சொல்லவும் பெயர் சொல்லவும் மட்டும் கற்றுத் தருகிறார்களா, ஏன் என்று கேட்கவும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லவும் கற்றுத் தருகிறார்களா? ஐந்தாம் வகுப்பு முடித்த குழந்தை நடந்து போகும் தொலைவில் ஆறாம் வகுப்பு இருக்கிறதா? அங்கே ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர் உண்டா?

கடைசி இரண்டு கேள்விகளே ஆல்காட்டின் பள்ளிகள் விட்டுவிட்டவை. கிண்டர்கார்டன் முறை, பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர், நல்ல தேர்ச்சி ஆகிய அனைத்தும் இருந்தும் அவற்றின் மேல் ஒரு கூரை இருந்தது. அதன் உயரத்தைக் குழந்தைகளின் திறன் முடிவு செய்யவில்லை. அவர்கள் வளர்ந்து என்ன வேலைக்குப் போவார்கள் என்ற முன்முடிவு செய்தது. இன்று விருந்தோம்பல் துறைக்கும் அழைப்பு மையத்துக்கும் விற்பனைக் கூடத்துக்கும் தேவையான அளவு ஆங்கிலம் போதும் என்று தலித் இளைஞர்களுக்காகத் தீட்டப்படும் திறன் பயிற்சிகளைப் பார்க்கும்போது, எசமான் வீடு மாறியிருக்கிறது, கூரையின் உயரம் மாறவில்லை என்று தோன்றுகிறது.

ஆல்காட்டை நாம் தூற்ற வேண்டியதில்லை, வணங்கவும் வேண்டியதில்லை. உயர்சாதிப் பள்ளிகளின் கதவு அடைத்திருந்த காலத்தில் ஒரு கதவைத் திறந்தவர் என்ற மதிப்பு அவருக்கு உண்டு. மத மாற்றத்துக்கு உதவி கேட்டு வந்தவர்களைக் கொழும்புவரை கூட்டிச் சென்ற நேர்மையும் அவருக்கு உண்டு. ஆனால் ஊரூரில் அவர் வைத்த அளவைக் கொழும்பில் அவரே வைக்கவில்லை என்பதைச் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். பள்ளிக் குழுக்களிலும் மேலாண்மைக் குழுக்களிலும் அமரும் தலித் பெற்றோரும், கல்லூரியிலிருந்து ஊருக்குத் திரும்பும் மாணவர்களும் தம் ஊர்ப் பள்ளியில் முதலில் பார்க்க வேண்டியது அதன் கடைசி வகுப்பை. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டால், அந்தப் பள்ளி நம் குழந்தைகளை யாராக நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.